உனக்கு என்ன வேண்டும், அம்மா?

(பங்கு யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த குடும்ப விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு விடுதலையின் ஆண்டு. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, அடிமைப்பட்டவன் அந்த ஆண்டில் தன் சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வீடு திரும்புவதே அவனுக்கு விடுதலை. ஆனால் வீடே சிறையாகிப்போன ஒரு பெண்ணுக்கு யூபிலி எங்கே? கோவிலுக்கு வண்ணம் பூசி, கொடிமரத்தைப் புதுப்பித்து மகிழ்ந்திருக்கும் இந்நாளில் இக்கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஒரு மாலை வேளையில் ஒரு தாய் கைக்குழந்தையோடு நம்மிடம் வந்தார். கணவர் அடிக்கிறார் என்றார். நாம் உடனே கணவரை அழைத்துப் புத்தி சொன்னோம். இருவரையும் பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, செபமாலையும் கொடுத்து அனுப்பினோம். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாய் உறங்கினோம். பத்து நாள் கழித்து அவரை மருத்துவமனைக் கட்டிலில் கண்டோம். கையில் மாவுக்கட்டு. "சாமி, அன்னிக்கு ராத்திரி தங்க ஒரு இடம் கேக்கத்தான் வந்தேன். நீங்க அவரைக் கூப்பிடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்றார். அவர் எதற்காக வந்தார் என்று நாம் கேட்கவேயில்லை.

எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு கூவியழைத்தபோது, அவன் பார்வையற்றவன் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? இருந்தும், என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டபின்தான் குணமளித்தார். எல்லாம் அறிந்தவரே கேட்டார். ஒன்றும் அறியாத நாமோ கேளாமலே மருந்து கொடுக்கிறோம்.

இது எங்கோ நடக்கும் காரியமன்று. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. இந்திய அளவில், வன்முறைக்கு ஆளானவர்களுள் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேரே. மற்றவர்கள் முந்தானையால் காயத்தை மூடிக்கொண்டு நம்மோடு திருப்பலிக்கு வருகிறார்கள்.

ஆகவே கடந்த தவக்காலத்தில் நம் கன்னியர் இருவர், இத்துன்பத்திலிருந்து மீண்ட சகோதரிகள் சிலரையும், அடைக்கல இல்லங்களில் தங்கியிருந்த சிலரையும் தனித்தனியே சந்தித்தனர். யார் பெயரும் எழுதப்படவில்லை. நாமும் அங்கே இருக்கவில்லை. அது அச்சகோதரிகளின் விருப்பம். அவர்கள் சொன்னவற்றின் சுருக்கம் இது.

ஒன்று: "ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் ஆண்கள். ஒருவர் அவருக்குப் பங்காளி. இன்னொருவர் படகுக் கூட்டாளி. அவர்கள் முன் நாங்கள் எப்படி வாய் திறப்பது?"

இரண்டு: "விடியற்காலை மீன் ஏலம், அப்புறம் கூடை சுமந்து விற்பனை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய் ஒரு மனு கொடுத்தால் அன்றைய பிழைப்பு போயிற்று."

மூன்று: "உயிர் பிழைக்க ஓடி வந்தோம். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் அந்த வீட்டில். போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்."

நான்கு: "ஏன் அடித்தார் என்று எல்லாரும் கேட்டார்கள். இனி உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை."

அன்பர்களே, உதவியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2005-ல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேராகவோ நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை அச்சட்டம் தருகிறது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் சரியே. அயலார் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தால் அவர்கள்மேல் வழக்கு வராது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 181 என்ற தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. வாசல்கள் உண்டு, வாசல்வரை போக வழிதான் இல்லை. எங்கே வழி அடைபடுகிறது என்பதை நடந்து பார்த்தவர்களே அறிவர்.

திருமணம் திருவருட்சாதனமாயிற்றே, பிரியலாமா என்று சிலர் நம்மிடம் கேட்கிறீர்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1153-ஆம் எண்ணில், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து விளைந்தால் பிரிந்து வாழ நியாயமுண்டு என்கிறது. அதற்கு ஆயரின் ஆணை பெற வேண்டும். தாமதம் ஆபத்தானால் அதற்குக் காத்திராமல் பிரிந்துபோகலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' மடலும், சில வேளைகளில் பிரிவு கடமையும் ஆகலாம் என்று கற்பிக்கிறது. ஆகையால் "சிலுவையைச் சும" என்று சொல்லி ஒரு பெண்ணை அடிவாங்க அனுப்ப எவருக்கும் உரிமையில்லை, குருவுக்கும் இல்லை.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்னும் அம்மையாரும் அவரோடு சேர்ந்த இஸ்லாமியப் பெண்களும், ஆண்கள் மட்டுமே அமரும் ஜமாஅத்தில் தங்கள் குரல் கேட்கப்படவில்லை என்று, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத்தே அமைத்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்வதில் தாழ்வில்லை.

எனவே இந்த யூபிலி நினைவாக நான்கு காரியங்களைத் தொடங்குகிறோம். முறையிட வரும் பெண்ணை முதலில் சந்திப்பவர்கள் கன்னியரும், அத்துன்பத்தைக் கடந்துவந்த ஒரு சகோதரியும். அவர் இசைவின்றிக் கணவரை அழைப்பதில்லை. மீன் விற்று முடிந்த பிற்பகலில் சந்திப்பு; செங்கல்பட்டுக்குத் துணையும் பேருந்துச் செலவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் பொறுப்பு. விட்டுவந்த அட்டைகளுக்கு நகல் பெற நம் இளைஞர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் தவக்காலத்தில் அதே சகோதரிகளிடம் திரும்பப் போய், நாம் செய்தது உதவியா உபத்திரவமா என்று கேட்போம்.

கோவில் மணி புதிது. ஆனால் நள்ளிரவில் ஒரு தாய் நம் கதவைத் தட்டும் ஓசை அதைவிட மெல்லியது. அதைக் கேட்கும் செவியை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.