மரத்துப்போன குதிகால்



'துன்பமும் நன்றியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேச வருகிறவரை வழுக்கிவிடக்கூடிய தலைப்பு. துன்பம் மனிதனைப் புடம்போடும், ஆகவே துன்பத்துக்கு நன்றி சொல்லுங்கள் என்று முழங்கிவிட்டு இறங்குவது எளிது. முழங்குகிறவருக்கு அன்றைக்குப் பெரும்பாலும் உடம்பு நன்றாகவே இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடிப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, "எல்லாம் நல்லதுக்குன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். படுத்திருப்பவர் தலையாட்டுவார். வேறு என்ன செய்வார் பாவம்? அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு என்பது என் கட்சி. பக்கத்தில் நிற்பவருக்கு வேறு வேலை இருக்கிறது. இதைத் தத்துவமாகப் பேசாமல், நம் மண்ணில் நடந்த ஒரு வரலாற்றை வைத்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் வேலை செய்துகொண்டிருந்த ஆங்கிலேய மிஷனரித் தம்பதி ஜெஸ்ஸி பிராண்டுக்கும் ஈவ்லினுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெயர் பால். மலையில் மரமேறித் திரிந்த பிள்ளையை ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றினால் வருவது அது. இறந்த செய்தி தந்தியில் போய்விட்டது. அவர் உயிரோடு இருந்தபோது மகனுக்கு எழுதிப்போட்ட கடிதமோ கப்பலில் மெதுவாகப் போய், தந்திக்குப் பிறகு கையில் கிடைத்தது. பதினான்கு வயதுப் பையன், செத்துப்போன அப்பாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்தான்.

பால் பிராண்ட் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். மருத்துவம் பிறகுதான். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். தோல் மருத்துவத்தில் பேர்பெற்ற காக்ரேன், "எலும்பு மருத்துவர்களாகிய நீங்கள் யாரும் இந்தக் கைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லையே" என்ற பொருளில் குறைப்பட்டுக்கொண்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு உயிர் போய்விட்டது. செயலற்றது என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் அவ்வளவு பலம்! எந்தத் தசை செத்திருக்கிறது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து, நல்ல தசைநாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றிப் பூட்டினால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அந்த வலியிலிருந்துதான் பிறந்தது.

இந்த நோயைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்குமே, அந்த நரம்பு கிருமி விரும்பும் இடங்களில் ஒன்று. நரம்பு கெட்டால் கை மரத்துப்போகும். மரத்த கை கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கும். மரத்த பாதம் ஆணி தைத்த செருப்போடு நாள் முழுக்க நடக்கும். புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்பு வரை போய், விரல் குறுகிக்கொண்டே வரும். நோய் தொடங்கிவைக்கிறது, மீதியை அன்றாட வாழ்க்கை முடித்துவிடுகிறது. 

இது பிராண்டுக்கு விளங்கியதற்கு ஒரு பூட்டு காரணம். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். இவ்வளவு பலமா என்று வியந்தவர் கீழே பார்த்தால் தரையில் ரத்தச் சொட்டு. சாவி பையனின் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு வலிக்கத் தொடங்கும் இடத்தில் நம் கை தானாக நின்றுவிடும். அவனுடைய கைக்கு நிறுத்தம் இல்லை. இன்னொரு சங்கதி. ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் காணாமல் போவதாகச் சிலர் சொன்னார்கள். இரவில் விழித்திருந்து பார்த்தபோது குட்டு உடைந்தது. தூங்குகிறவர் விரலை எலி தின்றுகொண்டிருந்தது. அதன்பிறகு சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பிராண்ட் ஒருமுறை வெளிநாட்டுப் பயணத்தில், உடம்பு சரியில்லாமல் லண்டனுக்கு ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்தே வந்தார். இரவு அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். தெரியவில்லை. மேலும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. எத்தனையோ பேருக்கு இதே சோதனையைச் செய்து 'ஆம், இது அந்த நோய்தான்' என்று சொன்னவர் அவர். இரவு முழுக்கத் தூக்கமில்லை. குடும்பத்தை எப்படிப் பிரிந்திருப்பது, அறுவை செய்யும் கை என்னவாகும் என்றெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். அலறிவிட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று முதல் எங்காவது வலித்தால் கடவுளுக்கு நன்றி சொல்லத் தோன்றும் என்று அவர் எழுதினார். வலியைக் கொடை என்றே சொல்லும் தலைப்பில், பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இந்த நன்றியை நான் நம்புகிறேன். காரணம், இது வலிக்கு வெளியே நின்று சொன்னதல்ல. ஓர் இரவு முழுக்க நோயாளியின் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது.

ஆனால் இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வலி வேறு, வதை வேறு. பிராண்ட் நன்றி சொன்னது நரம்பு தரும் வலிக்கு. தொழுநோயாளியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டோமே, தனித்தட்டு வைத்தோமே, மணவிலக்குக்குக் காரணமாக அந்த நோயைச் சட்டத்தில் எழுதி 2019 வரைக்கும் வைத்திருந்தோமே, அதற்கெல்லாம் யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பூர்வ ஜன்மப் பாவம் என்றும் கடவுளின் தண்டனை என்றும் அவர்களுடைய துன்பத்துக்கு ஆயத்த அர்த்தம் தைத்துக் கொடுத்தவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். அடுத்தவர் துன்பத்துக்கு நாம் அர்த்தம் கற்பிக்கத் தொடங்கும்போது அவருக்கு இரண்டாவது நோய் வருகிறது. முதல் நோய்க்காவது கூட்டு மருந்து வந்துவிட்டது.

பின்னாளில் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்ட் ஒரு முயற்சி செய்தார். இழந்த வலியைச் செயற்கையாகச் செய்து கொடுப்பது. கையுறைக்குள் அழுத்தத்தை அளக்கும் உணர்விகளை வைத்தார்கள். அழுத்தம் கூடினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், ஆனால் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. சரி, ஒலிக்குப் பதில் மின் அதிர்ச்சி வைப்போம் என்று, இன்னும் உணர்ச்சி இருக்கிற இடத்தில் பொருத்தினார்கள். வேலை முடிய வேண்டும் என்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! பல ஆண்டு உழைப்பு கைவிடப்பட்டது. நாமும் அதைத்தான் செய்திருப்போம். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் வலி வலியே அல்ல.

இனி மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண், 1925இல் பிறந்தவர், வேலூரில் படித்து அங்கேயே பயிற்சி மருத்துவராக இருந்தவர். 1954இல் சக மருத்துவர்களோடு சென்ற வாகனம் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு முறிந்தது. முகத்திலும் பெருங்காயம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

படுக்கையில் கிடந்த காலத்தில் அவர் உடனே கடவுளுக்கு நன்றி சொன்னார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்தியுள்ள பெண்தான், ஆனால் இருபத்தொன்பது வயதுகூட நிரம்பாத பெண். முகம் சிதைந்து, கால் போய், படித்த படிப்பு எதற்கென்று தெரியாமல் கிடந்தவர். அவரிடம் பிராண்ட் கொண்டுவந்தது ஆறுதல் வார்த்தை அல்ல, ஒரு வேலை. தொழுநோயாளிகளின் கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம், கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். நான் முதலில் சொன்னேனே, பக்கத்தில் நிற்பவரின் வேலை என்று, அது இதுதான்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி தசைநாண் மாற்று அறுவையைக் கற்றார், செய்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் முன்னால் மேசையில் நீட்டியிருக்கும் கைக்கு உணர்ச்சி கிடையாது. நாற்காலியில் இருக்கும் அவர் உடம்பின் பாதிக்கும் கிடையாது. தண்டுவடம் முறிந்தவர்கள் ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால் புண் வரும், வந்தது தெரியாது. ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும், கண்ணாடி வைத்துப் புண் தேட வேண்டும். தொழுநோயாளியும் தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே காப்பாற்ற வேண்டும். "தினம் காலைப் பார்" என்று அந்த மருத்துவர் சொன்னபோது, அது நோயாளிக்குப் புத்திமதியாகப் பட்டிருக்காது.

மேரி அங்கே நிற்கவில்லை. நியூயார்க்கில் ஹாவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்துக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பிவந்து வேலூரில் அதற்கென்று ஏற்பட்ட துறைக்குத் தலைமை ஏற்றார். தண்டுவடம் முறிந்தவர்கள் தங்கிப் பயிலும் நிலையம் 1966இல் திறந்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை முதுகில் சரிந்தவர் என்று நம் ஊரில் தண்டுவடம் முறிவதற்கு வழிகள் ஏராளம். அதுவரை அவர்களுக்குத் திண்ணையில் ஒரு கட்டிலும், படுக்கைப் புண்ணும், சில மாத ஆயுளும்தான் விதி. 1972இல் மேரிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986இல் இறந்தார். தனக்கு நேர்ந்ததற்கு அவர் நன்றி சொன்னது உண்மை. எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலை கைக்கு வந்து, அந்த வேலையால் இன்னொருவர் எழுந்து உட்கார்ந்த பிறகு.

ஈவ்லின் அம்மையாரையும் விட்டுவிடக் கூடாது. கணவர் இறந்தபின் அவர் ஊர் திரும்பிவிடவில்லை. ஓய்வு வயது வந்ததும், வயதான பெண்ணை மலைக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் சொன்னது. நல்லது என்று முறைப்படி ஓய்வு பெற்றுக்கொண்டு, தன் சொந்தப் பொறுப்பில் மலையேறிவிட்டார்! மட்டக்குதிரையில் மலைமலையாகத் திரிந்தார். தண்ணீரில் கால்வைத்து இறங்கி மொள்ளுகிற கிணறுகளால் நரம்புச் சிலந்தி நோய் பரவுகிறது என்று ஊர் ஊராகச் சொல்லி, கிணற்றுக்குச் சுவர் எழுப்பவைத்தார். விழுந்து எலும்பு முறிந்ததும் உண்டு, காய்ச்சலில் கிடந்ததும் உண்டு. 1974இல் தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தியாகம் என்ற சொல்லை நிறையச் செலவழிக்கிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. போகாதே என்று சொன்ன பிறகும் போனவர், போகப் பிடித்துத்தானே போயிருக்க வேண்டும்?

இங்கே இருக்கும் மாணவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நோக்கம் கிடைக்காதவர்கள்? நன்றி சொல்ல வாய் வராதவர்கள்? அவர்கள்தான் பெரும்பான்மை. விரல் நிமிர்ந்தும் ஊர் சேர்க்காமல் மருத்துவமனை வாசலுக்கே திரும்பி வந்தவர்கள் உண்டு. கசப்போடு செத்தவர்கள் உண்டு. அவர்கள் ஆன்மிகத்தில் ஒரு படி கீழே என்று எண்ணுகிறவர்கள் வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரிக்கு ஒருமுறை போய்வரலாம். தொழுநோய்க்கென்று அங்கே 1955இல் தொடங்கிய மருத்துவமனையில் மரத்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். பாதத்தை வைத்து அளவெடுப்பார்கள், எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்து ரப்பரை வெட்டுவார்கள். மனம் தேறிவிட்டதா, கடவுளோடு சமாதானம் ஆகிவிட்டதா என்று அளவெடுக்கும்போது யாரும் கேட்பதில்லை.