மூர் மார்க்கெட்: ஒரு கடைத்தொகுதியின் மறைவு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விருதுநகர், சிவகாசி வட்டாரத்தார்க்குத் தீயின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தீக்குச்சியும் மத்தாப்பும் இவ்வூர்களுக்குச் சோறு போடுகின்றன. அதே தீ உயிர்களைக் கொண்டுபோன துயரமும் இம்மண்ணுக்கு உண்டு. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட வித்து, பட்டாசாகக் கிளைத்தது. தீப்பெட்டிக்கு ஒட்டும் வண்ணச் சீட்டின் தேவையால் அச்சுத் தொழிலாகவும் தழைத்தது. தீயும் தாளும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. ஆகவே, தீயால் முடிவுற்ற ஒரு புத்தகச் சந்தையை இவ்வவையில் நினைவுகூர்தல் பொருந்தும்.

சென்னை மூர் மார்க்கெட்டே அது. 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கி, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் செந்நிறமாக நின்றது. பொம்மை, பழைய இசைத்தட்டு, கூண்டுக் கிளி என அங்கு இல்லாத பொருள் இல்லை. தாய் தகப்பனைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பது சென்னைவாசிகளின் வழக்கு. பேரம் பேசத் தெரியாதவர் கைப்பொருளை இழப்பார் என்பதும் உடன் வழங்கிய எச்சரிக்கை.

ஆனால் எழுத்தாளர்க்கும் மாணவர்க்கும் அது பழைய புத்தகக் கடைகளின் ஊர். பதிப்பு நின்ற நூலும், அட்டை கிழிந்த இதழும் அங்கே மறுவாழ்வு பெற்றன. அப்துல் கலாம் தம் மாணவப் பருவ நிகழ்ச்சி ஒன்றைக் கூறியிருக்கிறார். ஊருக்குச் செல்லப் பணமின்றி, பரிசாகப் பெற்ற பொறியியல் நூலை விற்க அவர் அங்குச் சென்றார். கடைக்காரரோ நூலை விலைக்கு வாங்காமல், பயணத்துக்குப் பணம் தந்து, திரும்பி வரும்வரை நூலைக் காத்து வைப்பதாகச் சொன்னார். பேரத்துக்குப் பேர்போன இடத்தில் இப்படியும் ஒரு வணிகர் இருந்தார்.

1985 மே 30 அன்று தீ மூண்டது. பெருங்கட்டடம் அழிந்தது. அதனோடு எரிந்த நூல்களுக்குப் பட்டியல் இல்லை. பழைய புத்தகக் கடைக்குப் பட்டியல் கடைக்காரரின் நினைவுதான். எந்த அடுக்கில் எது, யார் எதைத் தேடி வருவார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறாத அறிவு. அவ்விடத்தில் ரயில்வேயின் கட்டடம் எழுந்தது. வணிகர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் அளிக்கப்பட்டது. கடைகள் பிழைத்தன, ஆயினும் ரயிலுக்குக் காத்திருப்பவர் சற்றே நடந்துபோய், தேடாத நூலைக் கண்டெடுக்கும் அந்தப் பழைய நடை அறுந்தது. இன்று புறநகர் ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் உயிரோடு இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டு விளம்பரங்களையும் ஆயுள் முழுதும் தேடித் தேடித் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையிலேயே அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. எவரும் பணிக்காத ஒரு தனிமனிதர் செய்த காரியம் இது.

கடைகள் மூடத்தான் செய்யும். வாடகை உயரும், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவர், சாலை அகலமாகும். அதைத் தடுக்கும் ஆற்றல் இலக்கிய வட்டத்துக்கு இல்லை. ஆனால் கடை திறந்திருக்கும்போதே செய்யத்தக்கது உண்டு. முதிய வணிகரிடம் அமர்ந்து அவர் நினைவை எழுதி வாங்கலாம். தீப்பெட்டிச் சீட்டு, நாட்காட்டித் தாள், பட்டாசுப் பெட்டியின் படம், திருவிழாத் துண்டறிக்கை ஆகியவற்றை ஒரு பெட்டியில் சேர்க்கலாம். நாடெங்கும் சென்ற அச்சுத்தாளின் தாயகம் இது. தன் தாளைத் தானே சேமிக்காத ஊர் என்ற பெயர் இதற்கு வேண்டாம்.

பத்தாண்டு கவிதை வளர்த்த இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் இப்பணியையும் மேற்கொள்ளுமாக. முதல் பெட்டி இந்த ஆண்டே நிரம்பட்டும்.