மருந்தாராய்ச்சிக் கல்வியும் நம் பிள்ளைகளும்



மேல்நிலைத் தேர்வு முடிவு வந்ததும், மருத்துவப் படிப்பில் இடம் கிட்டாத பிள்ளைகளுடன் பெற்றோர் கலங்கி நம்மிடம் வருகின்றனர். அவர்களுக்கு நாம் எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களை நினைவூட்டுகிறோம். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று மருந்தாராய்ச்சியில் ஈடுபட்டார். யானைக்கால் நோயைத் தடுக்கத் தமிழகத்தில் வீடுதோறும் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை, அவர் தலைமையில் நடந்த ஆய்வின் பயனேயாகும்.

ஆயினும் இவ்வழி நெடியது. பி.பார்ம். நான்காண்டு, ஜிபேட் தேர்வெழுதி எம்.பார்ம். இரண்டாண்டு, அதன்பின் முனைவர் பட்ட ஆய்வு. புதிய மருந்தொன்று ஆய்வகத்திலும் விலங்குகளிடத்தும் சோதிக்கப்பட்டு, மனிதரிடம் மூன்று கட்டச் சோதனைகளைக் கடந்து வெளிவரப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகும். பல மருந்துகள் இடையிலேயே தோற்றுவிடும். அத்தோல்வியை மறைக்காமல் எழுதிவைப்பதும் ஓர் அமானிதமே. பொறுமையும் வாய்மையும் அற்றவருக்கு இத்துறை உகந்ததன்று.

பெற்றோரே! ஆய்வில் நாட்டமுள்ள மகனையோ மகளையோ பி.பார்முடன் நிறுத்தி, அவசரப்பட்டு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். பொருள் தடையாயின், அச்சுமையை ஜமாஅத்தாராகிய நாம் பகிர்ந்துகொள்வோம்.