ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்!

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேலை போனவனுக்கு சர்க்கார் என்ன செய்யும் என்று கேட்டால், "ஒன்றும் செய்யாது" என்பார்கள் சிலர். "மனுப் போட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கூட்டத்தாரோடுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இ.எஸ்.ஐ. யாரும் போடும் பிச்சையல்ல. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். 2019 ஜூலையில் வந்த விகிதம் இது. இந்தப் பணத்திலிருந்துதான் வேலையில்லாக் காலத்துக்கும் உதவி வருகிறது. 2005-ல் வந்த ராஜீவ் காந்தி திட்டத்தில், கம்பெனி மூடினாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ 24 மாதம் வரை உதவி உண்டு. முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் சம்பளம். இரண்டு வருடமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். 2018-ல் அடல் பெயரில் இன்னொன்று வந்தது. ஆயுளில் ஒரே முறை, 90 நாள் வரை. முதலில் கால் பங்கு என்றார்கள், 2020-ல் கொரோனா வந்தபோது பாதியாக்கினார்கள். முதலாளி கையெழுத்துக்குக் காத்திராமல் நாமே மனுச் செய்யலாம் என்றும் ஆக்கினார்கள். இது தவணை தவணையாக நீட்டிக்கப்படும் திட்டம். ஆகவே கிளை அலுவலகத்தில் முதலில் அதைக் கேட்டுக்கொண்டு மனு எழுதுங்கள்.

பிறகு ஏன் மனு திரும்பி வருகிறது? வேலை எப்படிப் போயிற்று என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. தானாக விலகியவருக்கு ராஜீவ் காந்தி திட்டத்தில் இடமில்லை. முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். நம்மை வெளியேற்றும்போது சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு தர வேண்டுமே, அதைத் தப்பிக்கவும் வழி இதுதான். "பாக்கிச் சம்பளம் வேண்டுமா? இங்கே கையெழுத்துப் போடு" என்று ஒரு இங்கிலீஷ் காகிதத்தை நீட்டுவான். அதில் சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று இருக்கும்.

நம் பகுதியில் ஒரு தையல் கம்பெனி மூடியபோது பதினொரு பெண்கள் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள். மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குக் காட்டும் கணக்கில், ஆள் ஏன் வரவில்லை என்று முதலாளி ஒரு காரணம் குறிக்க வேண்டும். 'ஆட்குறைப்பு' என்று ஒரு காரணம், 'வேலையை விட்டார்' என்று ஒரு காரணம். அவர் இரண்டாவதைக் குறித்தார். பதினொரு மனுவும் திரும்பின.

அந்தச் சகோதரிகள் அதோடு விடவில்லை. எந்தக் காரணத்தால் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். லேபர் ஆபீஸில் கூட்டாக மனுக் கொடுத்தார்கள். ஒரே நாளில் பதினொரு பேருக்கும் ஒரே சொந்தக் காரணமா என்று அங்கே கேட்டபோது முதலாளியால் பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனியை மூடிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த நகலை வைத்து மறுபடி மனுப் போட்டார்கள். ஒன்பது பேருக்குப் பணம் வந்தது. மற்ற இருவருக்கு இரண்டு வருடச் சந்தா நிரம்பவில்லை.

நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவன். சொல்கிறேன், கேளுங்கள். வாயால் சொல்லும் "இல்லை"க்கு எந்தக் குமாஸ்தாவும் பொறுப்பில்லை. இன்வர்டு நம்பர் விழுந்த மனுவுக்கு யாராவது பதில் எழுதியே தீர வேண்டும். நகலில் முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். ஆபீஸர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றால் அவர் வரும்வரை நில்லுங்கள். அவரும் நம்மைப் போல் சாப்பிட்டு முடித்து வரத்தானே வேண்டும்!

இன்னொன்று. இ.எஸ்.ஐ. நம்பர் ஆயுளுக்கும் ஒன்றுதான். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய நம்பரைச் சொல்லாவிட்டால் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். சந்தா இரண்டு கணக்கில் சிதறும். உழைத்தது ஆறு வருஷம், காகிதத்தில் நிற்பது ஒன்றரை வருஷம்!

நம்மில் பலருக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் தோல் பட்டறைக்கு அது எங்கே வரும்? அவர்கள் ரேஷன் ஆபீஸுக்குப் போக வேண்டும். சம்பாதித்த காலத்தில் வாங்கிய கார்டு சம்பாதித்த காலத்தின் வருமானத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். மராட்டியத்தில் கேசரி கார்டு இருந்தால் மட்டும் தானியம் வராது, முன்னுரிமைக் குடும்பம் என்ற பதிவு அதில் இருக்க வேண்டும். அதற்கு நகர்ப்புறத்தில் வைத்த வரம்பு வருடத்துக்கு 59,000 ரூபாய். இப்போதைய வருமானத்துக்குச் சான்று வாங்கி மறுபடி மனுச் செய்யுங்கள். தலைக்கு மாதம் 5 கிலோ, 2023 ஜனவரியிலிருந்து இலவசம். கோட்டா முடிந்தது என்பார்கள். முடிந்தால் முடியட்டும், மனுவை மட்டும் திரும்ப வாங்காதீர்கள். இடம் காலியாகும்போது பதிவில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயர் ஊர்க் கார்டில் இருக்கிறதா? அதில் பி.எச்.எச். என்று இருந்தால் அந்தக் கார்டுக்கே இங்கே தானியம் வாங்கலாம். என்.பி.எச்.எச். என்றால் அது இங்கே செல்லாது.

ஞாயிறு காலையில் சங்க ஆபீஸில் மனு எழுத உட்காருகிறோம். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பாங்க் பாஸ்புக், திரும்பி வந்த மனு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.