தீவில் ஒரு வீடு: செலவுக் கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இவ்விரண்டில் கலியாணத்திற்கு ஒரு நாள் குறித்தாகிவிடும். கையில் பணம் இருந்தாலும் கடன் வாங்கினாலும், அந்த முகூர்த்தத்தில் அது நடந்தேறிவிடும். வீட்டிற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பணம் எங்கே தீர்ந்ததோ அங்கே வீடும் நின்றுவிடும். கூரையில்லாச் சுவர்களும், துருவேறி வானத்தை நோக்கி நிற்கும் கம்பிகளும் எத்தனையோ குடும்பங்களின் தவறிய கணக்கிற்குச் சாட்சிகளாக நிற்கின்றன.

எங்கள் வீடும் ஒரு மழைக்காலம் முழுதும் அவ்வாறு நின்றதுதான். அந்தமான் தலைநகராகிய போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள ஊரில், சரிவான ஒரு மனையில் அறுநூறு சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கினோம். இராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், தம் ஊரில் சதுர அடிக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார். அதை அறுநூறால் பெருக்கினோம். தீவு ஆயிற்றே என்று ஒரு கால் பங்கு கூட்டினோம். அதுவே எங்கள் மதிப்பீடு! சுவர் லிண்டல் மட்டம் எட்டுவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. அந்த அனுபவத்திற்குப் பின் நாங்கள் கற்றுக்கொண்ட கணக்கையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சதுர அடிக் கணக்கு பொய்க் கணக்கன்று. மத்தியப் பொதுப்பணித் துறையினரும் தொடக்க மதிப்பீட்டிற்குத் தளப்பரப்பு விகிதம் என்ற முறையைக் கையாளுகின்றனர். ஆனால் அவர்கள் தில்லி விலையை நூறு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விலைக் குறியீட்டால் அதைத் திருத்திக்கொள்கின்றனர். நாமோ திருத்தாமலே பெருக்கிவிடுகிறோம். ஆகையால் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மட்டும் அம்முறையைக் கொள்ளலாம். கட்டுவது என்று துணிந்தபின், பொருள்வாரியாகக் கணக்கிடுவது ஒன்றே வழி.

அளவை முதலில் எழுதுவோம். விலை பிறகு வரட்டும். முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள வீட்டிற்கு வெளிச்சுவர் நூறு அடி. உட்சுவர் நாற்பதடி என்று கொள்வோம். உயரம் பத்தடியானால் சுவர்ப் பரப்பு 1,400 சதுர அடி. கதவு, சன்னல்களுக்கு 200 கழித்தால் 1,200. இங்கே பெரிதும் பயன்படும் சிமெண்டு ஹாலோ பிளாக் கல்லின் முகம் பதினாறு அங்குலத்திற்கு எட்டு அங்குலம். அக்கணக்கில் 1,350 கற்கள் வேண்டும். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறக்குறைய 1,420. இவ்வளவுதான் சுவர்க் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிடலாம்.

சிமெண்டும் கம்பியும் அவ்வாறே. தூண்களும் தளமும் கான்கிரீட்டினால் அமையும் சிறு வீட்டிற்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் நான்கு கிலோ கம்பியும் தோராயமான அளவு. அறுநூறு சதுர அடிக்கு 240 மூட்டை, 2,400 கிலோ கம்பி. மூட்டை ஐம்பது கிலோவாதலால் சிமெண்டு மட்டும் பன்னிரண்டு டன். இரண்டும் சேர்ந்து பதினான்கு டன்னுக்கு மேல். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் தீவுக்காரனுக்குச் செலவின் பாதி இரகசியம் எடையில் இருக்கிறது.

சென்னையிலிருந்து இவ்வூர் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பலே கடலைக் கடக்க மூன்று நாளளவு எடுத்துக்கொள்ளும். சிமெண்டும் கம்பியும் அக்கடலைக் கடந்தே வருகின்றன. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலையன்று, ஐந்து விலைகளை எழுத வேண்டும்: கடை விலை, துறைமுகத்தில் ஏற்றுகூலி, கப்பல் வாடகை, இங்கே இறக்குகூலி, மனைக்குக் கொண்டுசேர்க்கும் லாரி வாடகை. லாரி ஏறாத சரிவான மனையானால், தலைச்சுமைக் கூலி என்று ஆறாவதும் உண்டு. உள்ளூர்க் கடையில் வாங்குவோருக்கு முதல் நான்கும் ஒரே விலையாகத் தெரியும். ஆனால் கப்பல் தாமதமானால் அவ்விலை எப்படி ஏறுகிறது என்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விலை ஏறிவிடும் என்று அஞ்சி நாங்கள் எல்லாச் சிமெண்டையும் ஒரே தடவையில் வாங்கி அடுக்கினோம். இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, காற்றே ஈரமானது. சிமெண்டு மூன்று மாதம் கிடந்தால் தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கும். எங்கள் மூட்டைகளில் அடிவரிசை முழுதும் கல்லாகிவிட்டது. கம்பியைச் சேர்த்து வாங்கி மூடி வைக்கலாம்; சிமெண்டை வேலைக்கேற்ப வாங்குவதே சிக்கனம்.

மணலில் வேறொரு மாயம் உண்டு. ஈர மணல் உலர்ந்த மணலைவிட நூற்றுக்கு இருபது முப்பது வரையில் பருத்துக் காட்டும். கன அடிக் கணக்கில் நனைந்த மணலை வாங்குபவர், அந்த அளவுக்குக் குறைந்த மணலையே பெறுகிறார். கடற்கரை மணலை அள்ளிக்கொள்ளலாமே என்ற எண்ணமும் வேண்டாம். 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இத்தீவுகளில் மணல் எடுப்பதை ஐந்தாண்டுகளுக்குள் மூன்றிலொரு பங்காகக் குறைக்கும்படி ஆணையிட்டது. மரம் வெட்டுவதையும் அவ்வாணை கட்டுப்படுத்தியது. சட்டம் ஒரு புறமிருக்க, கடல் மணலில் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த மணலின் விலையைப் பத்தாண்டு கழித்துக் கொடுக்க நேரும்.

அடுத்தது காலம். காலமும் பணமே. மே மாதம் தொடங்கி இரு பருவக்காற்றுகளும் நம்மை மாறிமாறி நனைக்கின்றன. கட்டட வேலைக்கு ஏற்றவை சனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களே. ஆனால் அம்மாதங்களில்தான் நீர்த்தேக்கம் வற்றி, குழாயில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நிலை வருகிறது. கான்கிரீட்டையோ ஒரு வாரத்திற்குக் குறையாமல் ஈரம் உலராது காக்கவேண்டும். மழை இல்லாத போது தண்ணீரும் இல்லை! இச்சிக்கலுக்கு நாங்கள் கண்ட வழி, மழைநீர்த் தொட்டியை முதலில் கட்டுவது. அறுநூறு சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் மழை 1,60,000 லிட்டருக்கு மேல். பலரும் கடைசியில் கட்டும் தொட்டியை முதலிற் கட்டினால், ஒரு தற்காலிகத் தகரக் கொட்டகையின் கூரைநீரே வீடு கட்ட உதவும். லாரித் தண்ணீர்ச் செலவு கணக்கிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும்.

மதிப்பீட்டில் மறந்துபோகும் இனங்களை ஒரு தனித் தாளில் எழுதுமாறு வேண்டுகிறோம். எங்கள் கணக்கைக் கவிழ்த்தது தாங்குசுவர். சரிவான மனையில் மண்ணைத் தடுத்து நிறுத்தும் அச்சுவர் வீட்டுப் படத்தில் இல்லை. ஆகவே கணக்கிலும் இல்லை. வடிகால், கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, வரைபட ஒப்புதல், விவசாய நிலமானால் அதை வீட்டுமனையாக மாற்றும் அனுமதி ஆகியவையும் அத்தாளில் இடம்பெற வேண்டும். கடலோர மனையானால், 2019ஆம் ஆண்டின் தீவுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ன சொல்கிறது என்று அறிந்த பிறகே பணத்தை இறக்கவேண்டும்.

எதிர்பாராச் செலவிற்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை ஒதுக்குவது பெருநிலத்து வழக்கம். தீவில் பத்தாவது ஒதுக்குவது நலம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அரசு இங்கே ஏறக்குறைய 9,800 நிரந்தர வீடுகளைக் கட்ட முனைந்தது. பொருள்கள் கடல் கடந்து வந்து, பணி முடியப் பல ஆண்டுகள் ஆயின. அரசுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்?

இனி, எதைக் குறைக்கலாகாது என்பதற்கு வருகிறோம். பணம் குறைந்தபோது மேஸ்திரி எங்களிடம் ஒரு யோசனை சொன்னார். "ஐயா, தூணிலே சாணுக்கு ஒரு வளையம் போட்டாலே போதும். பூசின பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். அருகில் இருந்த தந்தையார், "தெரியாமல் போகிற இடமாகையால்தான் தம்பி, சரியாகப் போடவேண்டும்" என்றார்.

அவர் 26-12-2004 ஞாயிறன்று காலை ஆறரை மணியளவில் வாடகை வீட்டின் தூண் தலைப்பில் வெடித்ததைக் கண்ணாற் கண்டவர். அத்தூணில் வளையங்கள் எட்டி எட்டி இருந்தன. 1941 சூன் மாதத்திலும் பெரிய நிலநடுக்கம் ஒன்று இத்தீவுகளை உலுக்கிற்று. செல்லுலர் சிறையின் வலிய செங்கற் கட்டடமே அதிற் சேதமுற்றது. இந்திய நிலநடுக்க வரைபடத்தில் மிகுந்த ஆபத்துள்ள பகுதிகளுள் அந்தமான் நிக்கோபார் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஆகையால் தூணும் உத்திரமும் கூடுமிடத்தில் வளையங்கள் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கி இருக்கவேண்டும். வளையத்தின் முனைகள் செங்கோணமாக நின்றுவிடாமல் தூணின் உட்பக்கம் நோக்கி நன்றாக மடிந்திருக்கவும் வேண்டும்.

அன்றிரவு நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒன்பது தூண்கள். தூண் ஒன்றுக்குக் கூடுதலாகப் பதினொரு வளையங்கள். வளையம் ஒன்று அரைக் கிலோவும் இல்லை. எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து கிலோவை எட்டவில்லை. மொத்தக் கம்பி 2,400 கிலோவில் அது நூற்றுக்கு இரண்டு கூட ஆகாது. உயிரைக் காக்கும் செலவு எவ்வளவு சிறியது என்பதை அந்தக் கணக்குத்தான் எங்களுக்குக் காட்டிற்று. வெறும் வாய்ப்பேச்சாக விட்டிருந்தால், மேஸ்திரி சொன்னதே வென்றிருக்கும்.

வளையத்தைக் குறைக்கவில்லை, வீட்டைக் குறைத்தோம். முன் தாழ்வாரத்திற்குக் கான்கிரீட் தளம் போடாமல் தகரம் வேய்ந்தோம். பளபளக்கும் தரைக்கற்களை விடுத்துச் சிமெண்டுத் தரையிட்டோம். ஓர் அறையின் பூச்சை மறு ஆண்டிற்கு ஒத்திவைத்தோம். தரையைப் பின்னாளில் மாற்றலாம். வர்ணத்தைப் பின்னாளில் தீட்டலாம். கடைக்காலையும் தூணையும் பின்னாளில் திருத்த முடியாது.

ஆகவே நேயர்களே, வீடு கட்ட எண்ணுவோர் கொத்தனாரை அழைக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதற் பக்கத்தில் அளவு, அடுத்ததில் மனை வந்து சேரும் விலை, அதற்கடுத்ததில் மாதவாரியாக வேலை, பிறகு மறக்கக்கூடிய இனங்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில், எக்காரணத்தாலும் குறைக்கலாகாதவை என்று தலைப்பிட்டு, வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும்போது நிரப்புங்கள். பணம் குறையும் நாள் நிச்சயமாக வரும். அன்று அந்தப் பக்கம் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

எங்கள் வீட்டில் இன்னும் ஓர் அறை பூசப்படாமலே இருக்கிறது. நிலம் சற்றே அசையும் இரவுகளில் விழித்துக்கொள்ளும் தந்தையார், தூணை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்.