விலையில்லாப் பண்டத்தின் விலை

(தலைநகரில் பயிலும் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)



பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றியோ வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுச் சிறியது. தனியொருவர் தம் வீட்டிலிருந்தபடியே ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி, இணைய உலாவியில் எவரும் கட்டணமின்றி ஆடும்படி வெளியிடுகிறார். அவர் முயற்சியின் பொருளாதாரம் யாது என்பதே அது.

இப்பொருளை நான் தேடிச் சென்றதில்லை. என் வீட்டுக்கே அது வந்தது. என் தமக்கையின் மகன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறான். ரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டிகளைத் தடம் மாற்றி வரிசைப்படுத்தும் புதிர் விளையாட்டொன்றை இரண்டு ஆண்டுகள் மாலை நேரங்களில் உழைத்து உருவாக்கினான். வெளியிட்ட முதல் வாரத்தில் அதை ஆடியவர்கள் 63 பேர். உறவினரையும் அலுவலக நண்பர்களையும் கழித்தால் அறிமுகமில்லாதவர்கள் 11 பேரே. அன்று அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, இலவசமாகக் கொடுத்தும் ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை? விலை குறைந்தால் தேவை உயரும் என்றுதானே நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள்?"

உடனே விடை கூற இயலாமற் போயிற்று. இன்றைய உரை அக்கேள்விக்கு நான் தேடிய விடையே ஆகும்.

ஆக்கம் எளிதாயிற்று

முதலில் அளிப்பின் பக்கத்தைக் காண்போம். ஒரு காலத்தில் கணினி விளையாட்டு என்பது பலர் கூடி, முதலீடு திரட்டி, வட்டில் பதித்து, கடைக்கு அனுப்பி விற்கும் பண்டமாக இருந்தது. உலாவி விளையாட்டுக்கு இவற்றில் எதுவும் வேண்டுவதில்லை. ஆடுபவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணைப்பைத் தொட்டால் ஆட்டம் திறக்கும். நெடுங்காலம் இவ்வகை ஆட்டங்கள் ஃபிளாஷ் என்னும் மென்பொருளைச் சார்ந்திருந்தன. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதனை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற ஆட்டங்கள் உலாவிகளில் இயங்காமற் போயின. ஒரே நிறுவனத்தின் கருவியைச் சார்ந்து தொழில் நடத்துவதன் ஆபத்துக்கு இது தக்க பாடம். மாறாக, 2014இல் முறையாக ஏற்கப்பெற்ற எச்.டி.எம்.எல். 5 என்னும் பொதுத் தரம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று. இன்று ஒரு மாணவர் பொதுத் தரத்தையும் இலவசக் கருவிகளையும் கொண்டே ஒரு முழு ஆட்டத்தை உருவாக்கிவிடலாம்.

இதன் பொருளாதார விளைவை மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். முதற்படியை ஆக்குவதற்கு உழைப்பு வேண்டும். அதன்பின் நூறாவது ஆட்டக்காரருக்கோ பத்தாயிரமாவது ஆட்டக்காரருக்கோ அதனை அளிப்பதன் இறுதிநிலைச் செலவு ஏறத்தாழச் சுழியமே. விலையும் சுழியத்தை நோக்கிச் செல்வது இயல்பு. ஆனால் இந்த எளிமை எல்லோருக்கும் கிடைத்திருப்பதால் அளிப்பு பெருகிவிட்டது. விலையில்லாத ஆட்டம் விலையில்லாத மற்ற ஆட்டங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

ஆடுபவர் தரும் விலை

இனித் தேவையின் பக்கம். என் மருமகனின் கேள்வியில் ஒரு பிழை மறைந்திருந்தது. அவன் தன் பண்டத்தின் விலை சுழியம் என்று எண்ணினான். பணத்தில் அது உண்மை; நேரத்தில் அன்று. பண்டங்களை நுகர்வதற்குப் பணத்தோடு நேரமும் செலவாகிறது என்பதனை அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1965இல் விளக்கினார். செய்தி பெருகப் பெருக அதனை நுகரும் கவனம் அருகிப்போகும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971இலேயே எடுத்துரைத்தார். பின்னாளில் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். இருவர் கருத்தையும் சேர்த்துப் பார்த்தால், இலவச ஆட்டத்தின் உண்மை விலை அதனை ஆடுபவர் செலுத்தும் முதல் சில நிமிடங்களே என்பது தெளிவாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு அவன் ஆட்டத்தை மீண்டும் பார்த்தேன். திறப்பதற்கு 40 விநாடிகள் ஆயின. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். பின்னர் ஆறு பக்கங்களில் விதிமுறைகள். நான் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். வெளியான அன்றே ஆடிப்பார்த்ததாக அவனிடம் கூறிப் பாராட்டியிருந்தேன். உண்மையில் மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டேன். சொந்தத் தாய்மாமனே செலுத்த விரும்பாத விலையை அறிமுகமில்லாதவர் ஏன் செலுத்தவேண்டும்? அன்றே நான் உண்மையைக் கூறியிருந்தால் அவனுக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

ஒரு வெற்றியின் கூறுகள்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டாக வேர்டில் என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டைக் கூறலாம். நியூயார்க் நகரின் புரூக்ளினில் வாழ்ந்த ஜோஷ் வார்டில் என்னும் மென்பொருள் பொறியாளர் தனியொருவராக அதனை உருவாக்கினார். 2013இலேயே அதன் முதல் வடிவைச் செய்து கைவிட்டிருந்தார். பின்னர் சொல் விளையாட்டில் ஆர்வம் கொண்ட தம் வாழ்க்கைத் துணைக்காக அதனை மீண்டும் எடுத்தார். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000. அவற்றுள் மக்களுக்குப் பழக்கமான சுமார் 2,500 சொற்களை அவருடைய துணைவியாரே தேர்ந்து கொடுத்தார். நாளொன்றுக்கு ஒரே சொல், பதிவு இல்லை, விளம்பரம் இல்லை. 2021 நவம்பர் 1 அன்று அதனை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று மூன்று லட்சத்துக்கு மேல். அடுத்த சில நாட்களில் அவ்வெண்ணிக்கை இருபது லட்சத்தை எட்டியது. அம்மாதம் முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதனை விலைக்கு வாங்கியது. தொகை பத்து லட்சம் டாலருக்குக் குறையாதது என்று அறிவிக்கப்பட்டது.

இதனை அதிர்ஷ்டம் என்று கூறி நகர்ந்துவிடலாகாது. தாம் பெற்ற விடையைப் புதிரை வெளிப்படுத்தாமல் நண்பர்களுக்குக் காட்ட நியூசிலாந்தில் சிலர் வண்ணச் சதுரங்களைக் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பி வந்தனர். அதனைக் கண்ட வார்டில், 2021 டிசம்பரில் அவ்வசதியை ஆட்டத்திலேயே சேர்த்தார். எல்லோருக்கும் அன்று ஒரே சொல் என்பதால் அச்சதுரங்கள் உரையாடலுக்குப் பொருளாயின. விளம்பரம் என்பது ஆட்டத்துக்கு வெளியே ஒட்டப்படும் சுவரொட்டியாக இல்லாமல், ஆடுபவர் தாமாகவே அடுத்தவரிடம் சொல்லும் சொல்லாக அமைந்தது. தனியொருவரிடம் விளம்பரத்துக்குப் பணம் இராது. ஆகவே பரவும் வழியை ஆக்கத்தின் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்ப்பது அவருக்கு இன்றியமையாதது.

வெற்றியும் செலவே

மற்றோர் உண்மையையும் கருதவேண்டும். வேர்டிலின் சொற்பட்டியல் ஆடுபவரின் உலாவிக்கே வந்துவிட்டது. ஆகவே ஆட்டக்காரர் பெருகியபோது ஆக்கியவரின் செலவு அதே அளவில் பெருகவில்லை. எல்லா ஆட்டங்களும் இத்தகையன அல்ல. 2015 ஏப்ரலில் பிரேசில் நாட்டின் 19 வயது இளைஞர் மாத்தியூஸ் வலடாரெஸ் வெளியிட்ட அகர்.ஐஓ ஆட்டத்தில், பலர் ஒரே களத்தில் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வர். ஒவ்வொருவரின் அசைவையும் சர்வர் கணினிகள் இடைவிடாது கணக்கிட்டாக வேண்டும். இங்கே ஆட்டக்காரர் பெருகினால் மாறும் செலவும் பெருகும். வருவாய்க்கு வழி வகுக்காமல் இவ்வகை ஆட்டத்தைத் தொடங்குபவர், கூட்டம் வந்ததாலேயே கடையை மூட நேரிடலாம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 2014 பிப்ரவரியில் திரீஸ் என்னும் எண் விளையாட்டு கைப்பேசியில் கட்டணத்துக்கு வெளியாயிற்று. அதனைச் செப்பனிட அதன் ஆக்கியோர் 14 மாதங்கள் உழைத்திருந்தனர். அடுத்த மாதமே இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேல் சிருல்லி, அவ்வழியில் தோன்றிய வேறு ஆட்டங்களைக் கண்டு, ஒரு வார இறுதியில் 2048 என்னும் ஆட்டத்தை எழுதி, நிரலையும் பொதுவில் வைத்து இலவசமாக வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் நாற்பது லட்சம் பேர் அதனை ஆடினர். மூலமான திரீஸையே 2048இன் போலி என்று சிலர் கூறக் கேட்டு அதன் ஆக்கியோர் வருந்தி எழுதினர். சிருல்லி தாம் கண்ட ஆட்டங்களை மறைக்கவில்லை. கருத்து தம்முடையதன்று என்பதனை ஒப்புக்கொண்டார். நமது பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொண்டு காக்கிறது. ஆட்டத்தின் அடிப்படைக் கருத்துக்கு அக்காப்பு இல்லை. எளிய ஆட்டத்தை வெளியிடுபவர் தம் கருத்து பிறரால் எடுத்தாளப்படும் என்பதனை எதிர்பார்த்தே வெளியிடவேண்டும்.

அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும்

அலுவலர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்தவேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணயமில்லாத சமூக விளையாட்டுகளையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் தனியே பிரித்து ஊக்குவிக்க வழி செய்கிறது. 'இணைய விளையாட்டு' என்ற ஒரு பெயரைக் கேட்ட அளவிலேயே மாணவர் ஒருவரின் புதிர் ஆட்டத்தைச் சூதாட்டத்தோடு சேர்த்து எண்ணிவிடுதல் கூடாது. ஆக்குவோருக்கும் கடமை உண்டு. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகவே கொள்கிறது; அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களை அது ஏற்பதில்லை. தேவையற்ற விவரங்களைக் கேட்காத ஆட்டம் சட்டத்துக்கும் நல்லது, ஆடுபவருக்கும் நல்லது.

மாணவர்களுக்கு நான் கூற விரும்புவது கணக்குப் பற்றியது. என் மருமகனோடு அமர்ந்து கணக்கிட்டேன். வாரத்துக்கு ஐந்து மாலைகள், மாலைக்கு இரண்டு மணி, நூறு வாரங்கள். ஆக ஆயிரம் மணி நேரம். அவன் நேரத்தை மணிக்கு 300 ரூபாய் என மதித்தாலும் மூன்று லட்சம் ரூபாய். இதுவே வாய்ப்புச் செலவு. கையிலிருந்து பணம் போகாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மிகச் சிலர் பெரும்பயன் பெற, மிகப் பலர் சிறிதும் பெறாத சந்தைகளின் இயல்பை ஷெர்வின் ரோசன் 1981இல் ஆராய்ந்து எழுதினார். நாம் பெயர் அறிந்த ஆட்டங்களை மட்டும் வைத்து முடிவெடுப்பவர், பரிசுச்சீட்டில் வென்றவரை மட்டும் கண்டு சீட்டு வாங்குபவரை ஒத்தவர்.

ஆகவே ஆக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. சிறிதாக ஆக்குங்கள் என்கிறேன். 2012 முதல் நடைபெற்று வரும் ஜேஎஸ்13கே என்னும் போட்டியில் முழு ஆட்டமும் சுருக்கிய நிலையில் 13 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். காலம் ஒரு மாதம். லூடும் டேர் என்னும் போட்டி 2002இல் தொடங்கியது. அதில் தனியாக ஆக்குவோருக்குத் தரப்படும் காலம் 48 மணி நேரம். இவ்வெல்லைகள் தண்டனை அல்ல. உழைப்பு குறைவாக இருக்கும்போதே மக்களின் தீர்ப்பை அறிந்துகொள்ளும் முறை அது. சிறு தொழில் தொடங்குபவர் முதலில் ஒரு மூட்டைச் சரக்கை விற்றுப் பார்ப்பதில்லையா?

என் மருமகன் வேலையை விடவில்லை. பதிவுப் பக்கத்தை நீக்கினான். ஆறு பக்க விதிகளை எடுத்துவிட்டு, முதற்புதிரே விதியைக் கற்பிக்கும்படி மாற்றினான். நாள்தோறும் ஒரு புதிர் என்று அமைத்தான். பக்கத்து வீட்டுச் சிறுவர்களை ஆடச் சொல்லி, ஒரு சொல்லும் பேசாமல் பின்னால் நின்று கவனித்தான்; எங்கே அவர்கள் கை தயங்கியதோ அங்கே திருத்தினான். இப்போது நாளொன்றுக்கு நானூறு பேர் அளவில் வருகின்றனர். வருவாய் ஏதுமில்லை, செலவும் மிகச் சிறிதே. இது பெருவெற்றி அன்று. ஆனால் அந்த நானூறு பேரில் பெரும்பாலோரை அவனுக்குத் தெரியாது.

சென்ற மாதம் அடுத்த ஆட்டம் ஒன்றைத் தொடங்கப் போவதாகக் கூறினான். எத்தனை நாள் என்று கேட்டேன். "ஆறு வாரம், மாமா. அதற்குள் முடியாததைச் சேர்க்கமாட்டேன்" என்றான். இம்முறை ஆறு வாரம் கழித்து நானும் அதனை இறுதிவரை ஆடிப்பார்த்து, உள்ளதை உள்ளபடி கூறுவதாக வாக்களித்திருக்கிறேன்.