காண்பது கண்ணா, கருத்தா?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கல்விக் கழகத்தைத் தோளில் சுமந்துவரும் பெரியோர்களே, ஏலத்தோட்டத்து ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்து இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

அறிவியலாளர் ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். நான் தேர்ந்துகொண்டவர், பார்வையைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற தமிழரான வி. எஸ். இராமச்சந்திரன் அவர்கள். நம் தேனியில் பெரிய கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கண்புரை நீக்கிக்கொண்ட முதியோர் இந்த அவையிலும் இருப்பீர்கள். கண் கெட்டால் பார்வை கெடும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் கண் பழுதின்றி இருந்தும் பார்வை பிழைபடுவது உண்டு. அது எப்படி என்பதை ஆராய்வதிலேயே இவ்வறிஞரின் இளமைக்காலம் கழிந்தது.

அன்னார் 1951ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னையிலும், தந்தையார் பணி நிமித்தம் வாழ்ந்த பாங்காக் நகரிலும் பள்ளிக் கல்வி பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். அங்கே மாணவராக இருந்தபோதே, இரு கண்களில் விழும் இரண்டு உருவங்கள் எவ்வாறு ஒரே காட்சியாக இணைகின்றன என்பதைப் பற்றி ஆராயத் தொடங்கினார். 1970களின் முற்பகுதியிலேயே அவருடைய ஆய்வு புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். ஆந்தை முதலிய உயிரினங்களின் இருகண் பார்வையை ஆராய்ந்த ஜாக் பெட்டிகுரூ என்பாருடன் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சில காலம் பணியாற்றினார். 1983இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 2007இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது புகழுரை ஆகுமேயன்றிக் கல்வியுரை ஆகாது. ஆகவே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இவருடைய பாட்டனார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற அரசியலமைப்பு வரைவுக் குழுவில் உறுப்பினராக விளங்கிய சட்ட அறிஞர் அவர். பேரன் சிறுவனாக இருந்தபோது தந்தையார் நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார். வீட்டு மாடிப்படியின் அடியில் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைந்தது. பள்ளி ஆசிரியர்கள் வேதிப்பொருள்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுத்தார்கள். அறிவு அவருடையது, அந்த அறிவு வளர்வதற்கு வேண்டிய நிழலும் நீரும் வீட்டிலேயே கிடைத்தன.

நான் படித்த பள்ளியிலும் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் வில்லைகளும் முப்பட்டகமும் பளபளத்தன. செய்முறை வகுப்பில் மற்ற மாணவர்கள் வில்லையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து சென்ற நாங்கள் மூவரும் சுவரோரம் நின்று பார்க்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. ஒளியின் விலகலைப் பற்றி நான் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றேன். ஆனால் வில்லை கனமானதா, இலேசானதா என்பதை அறியேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் நாள், பொறுப்பாகக் கிடைத்த அலமாரியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அன்று எனக்கு வயது இருபத்துநான்கு.

ஆகையினால்தான் இராமச்சந்திரன் அவர்களின் ஆய்வுகளைப் படித்தபோது நான் வியப்படைந்தேன். அவருடைய சிறந்த சோதனைகள் பலவற்றுக்குப் பெருவிலைக் கருவிகள் வேண்டியதில்லை. தாளும் கண்ணாடியும் அட்டைப்பெட்டியும் போதும்.

பிள்ளைகளே, இன்று வீடு சென்றதும் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் ஒன்று வரையுங்கள். மேற்புறம் வெண்மையாகவும், கீழே வரவரக் கருமையாகவும் அடுப்புக்கரியால் தேயுங்கள். அந்த வட்டம் முட்டைபோல் மேடாகத் தோன்றும். இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அதே வட்டம் குழியாகத் தோன்றும். தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒளி மேலிருந்தே வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கண் தரும் செய்தியைப் படிக்கிறது. கதிரவனுக்குக் கீழே வாழ்ந்து பழகிய மூளையின் வழக்கம் இது. முன்னோர் சிலர் கவனித்திருந்த இவ்வுண்மையை 1988ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளில் இவர் நுணுக்கமாக விரித்துரைத்தார். தாளைத் திருப்பாமல், குனிந்து உங்கள் கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்தாலும் மேடு பள்ளமாகும். எனவே மூளைக்கு 'மேல்' என்பது வானம் அன்று. தன் தலை இருக்கும் திசையே அதற்கு மேல்!

இவர் மனிதப் பார்வையோடு நின்றாரில்லை. கடலடி மணலில் ஒட்டிக் கிடக்கும் தட்டைமீன் ஒன்று உண்டு. அதன் இரு கண்களும் உடலின் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும். அம்மீனைத் தொட்டியில் விட்டு, அடித்தளத்தில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களையும் புள்ளிகளையும் மாற்றி மாற்றி வைத்து ஆராய்ந்தார்கள். இரண்டு முதல் எட்டு வினாடிகளுக்குள் மீன் தன் உடற்கோலத்தைத் தரையின் கோலத்திற்கு ஏற்ப மாற்றிக்கொண்டது என்று 1996இல் இவரும் உடன் உழைத்தோரும் எழுதினர். பார்த்ததைத் தன் தோலிலே எழுதிக்காட்டும் உயிர் அது. பகைக்கு அஞ்சித் தன்னை மறைத்துக்கொள்வது மீனுக்கு இயற்கை. பெயரையும் ஊரையும் மறைத்து நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய நம் பிள்ளைகளுக்கோ அது இயற்கை அன்று. பிறர் சுமத்திய தேவை.

மூன்றாவது சோதனை குருட்டுப் புள்ளியைப் பற்றியது. விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக்குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவைக்குறியையே உற்றுநோக்குங்கள். தாளை ஏறத்தாழ ஓரடித் தொலைவில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் கரும்புள்ளி மறைந்துபோகும். அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா என்றால், தெரிவதில்லை. சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டே மூளை அதை நிரப்பிவிடுகிறது. இவ்வாறு நிரப்புவது எப்படி என்பதை இராமச்சந்திரன் அவர்கள் 1990களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தார்.

நம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்று நீரால் விளைகிறது. 1895இல் நிறைவுற்ற அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் அவர்களை நாம் நன்றியோடு வணங்குகிறோம், அது தகும். ஆனால் அந்தக் காட்டிலே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலில் மாண்டுபோன கூலியாட்களில் எத்தனை பேரின் பெயரைச் சொல்ல முடியும்? அந்த இடம் ஓட்டையாகவும் நமக்குத் தெரிவதில்லை. சுற்றியுள்ள புகழைக் கொண்டே வரலாறு அதை நிரப்பிவிட்டது. கண்ணின் குருட்டுப் புள்ளியைக் கண்ணால் காண இயலாது. சோதனையால்தான் காட்ட இயலும். சமூகத்தின் குருட்டுப் புள்ளியைக் காட்டுவதற்குக் கற்றவர்கள் வேண்டும்.

இந்த ஒப்புமைகள் என்னுடையவை. அவ்வறிஞர் சொன்னவை அல்ல. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சாதி வெறும் கண்மயக்கம் என்று நான் கூறவில்லை. மறுக்கப்பட்ட நிலமும் கிணறும் பள்ளியும் மயக்கங்கள் அல்ல. ஆனால் ஒருவனை மேடென்றும் மற்றொருவனைப் பள்ளமென்றும் காணும் பார்வை பழக்கத்தால் வந்தது. தாளைத் திருப்பிப் பார்க்கும் துணிவு கற்றவர்க்கே முதலில் வர வேண்டும்.

இறுதியாக, அவருக்குப் பெரும்புகழ் தந்த கண்ணாடிப் பெட்டியைச் சொல்கிறேன். விபத்தில் கையை இழந்தவர்கள், இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பதாகவும் அது தாங்கவொண்ணாமல் வலிப்பதாகவும் உணர்வது உண்டு. 1990களில் இவர் ஒரு பெட்டிக்குள் நிலைக்கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன் அசைக்கச் செய்தார். கண்ணாடியில் தெரிந்த பிம்பம் இழந்த கையின் இடத்தில் அசைந்தது. சிலருக்கு இறுகிய கை தளர்ந்தது போன்ற உணர்வும் வலிக்குறைவும் உண்டாயின. எல்லோருக்கும் இது பயன்படவில்லை. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே தன்மையாக இல்லை. ஆயினும், சில ரூபாய்க் கண்ணாடியைக் கொண்டு மூளையிடம் கேள்வி கேட்க முடியும் என்பது மெய்ப்பட்டது.

கழகத்துப் பெரியோர்களே! இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தீர்கள், விடுதிக் கட்டணம் கட்டினீர்கள். அடுத்ததாக ஒன்று கேட்கிறேன். நம் மாலைப் படிப்பகத்தில் ஓர் அலமாரி வையுங்கள். அதில் நான்கு வில்லைகளும், இரண்டு நிலைக்கண்ணாடிகளும், ஒரு முப்பட்டகமும், முடிந்தால் ஒரு நுண்ணோக்கியும் இருக்கட்டும். அந்த அலமாரிக்குப் பூட்டு வேண்டாம். வில்லை உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். தொடாமலே கற்ற பிள்ளையின் தயக்கத்தைப் போக்கத்தான் பல ஆண்டுகள் ஆகும். முதல் வில்லைகளை என் ஓய்வூதியத்திலிருந்து வாங்கி இதோ மேசைமேல் வைக்கிறேன்.

தாய்மார்களே, கூட்டம் முடிந்ததும் உங்கள் பிள்ளைகளோடு நீங்களும் வந்து இவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் பார்த்து முடியும்வரை நான் இங்கேயே இருப்பேன்.

வாழ்க கழகம்! வளர்க அறிவு!